வைரஸ் நோயும் பேறுகால வலியும்: எப்போது விரைவது, எப்போது காத்திருப்பது?

(ஜமாஅத் மகளிர் நல அரங்கில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மகப்பேறு நலம் குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். கருவுற்ற பெண் என்ன உண்ண வேண்டும், எவ்வளவு ஓய்வெடுக்க வேண்டும் என்பன பற்றியெல்லாம் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத, ஆனால் பேசியே தீர வேண்டிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்கிறேன். வைரஸ் நோய் கண்ட கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்துப் பேறுகால வலியை வரவழைக்கலாமா? அது தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானதா? என்பதே அப்பொருள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இக்கேள்வி இரு விதமாக எழுகின்றது. "அம்மை போட்டிருக்கிறது, குழந்தையைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்று ஒரு குடும்பத்தார் அவசரப்படுத்துவர். "இரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறதாம், இந்த நிலையில் வலி ஊசியெல்லாம் வேண்டாம், தானாக வலி வரட்டும்" என்று மற்றொரு குடும்பத்தார் தடுப்பர். இரு சாராரும் அன்பினால்தான் பேசுகின்றனர். ஆயினும் முதற் குடும்பம் காத்திருக்க வேண்டிய இடத்தில் விரைகின்றது. இரண்டாவது குடும்பம் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகின்றது.

ஆகவே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. 'வைரஸ் நோய்' என்னும் பொதுப் பெயரைக் கொண்டு எந்த முடிவும் எடுக்க இயலாது. எந்த வைரஸ், கருவுற்ற எத்தனையாவது வாரம், நோய் தொடங்கி எத்தனையாவது நாள் ஆகிய மூன்றும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரிந்தால் வலியைத் தூண்டும் காலத்தையும் முறையையும் பாதுகாப்பாக முடிவு செய்யலாம். இவற்றுள் ஒன்று மறைக்கப்பட்டாலும் தாயும் சேயும் துன்பத்திற்கு ஆளாகலாம்.

வலியைத் தூண்டுதல் என்பது யாது?

வலி தானாகத் தொடங்குவதற்கு முன்பே மருந்தினாலோ கருவியினாலோ கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து பிரசவத்தைத் தொடங்கி வைப்பதே வலியைத் தூண்டுதலாகும். இது அறுவை சிகிச்சையன்று. முறையாகச் செய்தால் பெரும்பாலோர் சுகப்பிரசவமே அடைகின்றனர்.

கருவுற்ற நாள் உறுதியாகத் தெரிந்து 41 வாரங்கள் நிறைவுற்ற பின்னும் வலி வராத பெண்களுக்கு இதனை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தும் வலி வராதவர்கள், வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி குன்றியவர்கள் ஆகியோருக்கும் இது தேவைப்படலாம்.

தூண்டுவதற்கு முன் கர்ப்பப்பையின் வாய் பிரசவத்திற்குப் பக்குவமாகியிருக்கின்றதா என்று மருத்துவர் கைவிட்டுப் பார்ப்பார். வாய் எவ்வளவு திறந்துள்ளது, எவ்வளவு மெலிந்துள்ளது, மென்மையாக உள்ளதா, எத்திசை நோக்கியுள்ளது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்னும் ஐந்தையும் கொண்டு மதிப்பெண் இடுவர். 1964-ஆம் ஆண்டு எட்வர்ட் பிஷப் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இது. இன்றளவும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

வாய் பக்குவப்படாமல் இருந்தால் அதனைப் பக்குவப்படுத்த மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நம் பெண்கள் 'ஜெல் வைத்தார்கள்' என்று சொல்லும் மருந்து. இரண்டாவது, மிசோப்ரோஸ்டால் மாத்திரை. இதனை வாய்வழியே 25 மைக்ரோகிராம் என்னும் மிகச் சிறிய அளவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. மூன்றாவது, சிறுநீர்க் குழாய் போன்ற இரப்பர்க் குழாயை உட்செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனில் நீர் நிரப்பிக் கர்ப்பப்பை வாயை மெல்ல விரியச் செய்வது. வாய் பக்குவமான பின் பனிக்குடத்தை உடைத்து விடுவதும், ஆக்சிடோசின் மருந்தை டிரிப்ஸ் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் அடுத்த நிலைகள். ஆக்சிடோசின் நம் உடலிலேயே சுரக்கும் பொருள்தான். அதனைச் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோ என்னும் அறிஞருக்கு 1955-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஆபத்தே இல்லையா? உண்டு. மருந்தின் வேகம் மிகுந்தால் கர்ப்பப்பை இடைவிடாமல் சுருங்கும். 10 நிமிடங்களில் 5 முறைக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். அதனைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். முன்பு சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்குப் பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் இருப்பதால் மிசோப்ரோஸ்டால் கொடுக்கலாகாது. இக்காரணங்களால் வலியைத் தூண்டும் இடத்தில் அறுவை அரங்கும் இரத்தம் ஏற்றும் வசதியும் இருத்தல் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் விழுங்குவதும், வலி வருவதற்கென்று விளக்கெண்ணெய் குடிக்கச் செய்வதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை.

நம் ஊர்களில் மட்டும் அதிகமாகக் கேட்கும் ஒரு வேண்டுகோளையும் இங்கே குறிப்பிட வேண்டும். "மாப்பிள்ளைக்கு விடுமுறை முடிகிறது, சவூதிக்குத் திரும்புவதற்குள் குழந்தை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், வலி ஊசி போடுங்கள்" என்பதே அது. தந்தையின் ஏக்கம் புரிகின்றது. ஆயினும் விமானச் சீட்டின் தேதி மருத்துவக் காரணமாகாது. அப்பெண்ணின் உடலில் வைரஸ் நோயும் இருக்குமானால், அத்தகைய அவசரம் பெருந்தீங்காய் முடியலாம். எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

காத்திருக்க வேண்டிய நோய்கள்: அம்மையும் டெங்குவும்

முதலில் சின்னம்மை. குழந்தைப் பருவத்தில் எளிதாக வந்து போகும் இந்நோய், கருவுற்ற பெண்ணுக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கக் கூடியது. பிரசவ காலத்தில் வந்தால் குழந்தைக்கும் ஆபத்து. இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. அம்மைக் கிருமி தாயின் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்துவிடும். அதனை எதிர்க்கும் பொருள்களைத் தாயின் உடல் உண்டாக்கிக் குழந்தைக்கு அனுப்புவதற்குச் சில நாட்கள் ஆகும். பிரசவத்திற்கு முந்தைய 5 நாட்களுக்கும் பிந்தைய 2 நாட்களுக்கும் இடையே தாய்க்குக் கொப்புளங்கள் தோன்றினால், குழந்தைக்குக் கிருமி மட்டும் கிடைத்திருக்கும். காக்கும் பொருள் கிடைத்திராது. அத்தகைய பச்சிளங் குழந்தைக்கு வரும் அம்மை உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையானது.

எனவே அம்மை கண்ட பெண்ணுக்கு, தாய் சேய் இருவரின் உயிருக்கும் வேறு ஆபத்து இல்லாத நிலையில், கொப்புளம் தோன்றிய நாளிலிருந்து குறைந்தது 7 நாட்களாவது பிரசவத்தைத் தள்ளிவைக்க முயல்வதே மருத்துவ முறை. அந்த ஒரு வாரத்தில் தாயின் உடலே குழந்தைக்குக் கவசம் செய்து அனுப்பிவிடுகின்றது. அதற்குள் வலி தானாக வந்துவிட்டால், குழந்தை பிறந்தவுடன் அம்மைக்கு எதிரான இம்யுனோகுளோபுலின் ஊசி போட்டுப் பாதுகாக்க முயல்வர். "சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்னும் வேண்டுகோளை மருத்துவர் மறுப்பதற்கு இதுவே காரணம்.

காத்திருப்பது என்றால் வீட்டில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைப்பது என்று பொருளன்று. கொப்புளம் கண்ட 24 மணி நேரத்திற்குள் அசைக்ளோவிர் மருந்து தொடங்கினால் நல்ல பலன் உண்டு. 'அம்மை கண்டால் மருத்துவரிடம் போகக் கூடாது' என்னும் வழக்கம் நம் வீடுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அதனை விட்டொழிக்க வேண்டும். மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மற்றக் கர்ப்பிணிகளோடு அமராமல் தனியே இருக்க ஏற்பாடு செய்வார்கள். அம்மை வராத பெண்கள் திருமணத்திற்கு முன்பே இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொள்வது சிறந்தது. கருவுற்ற பின் அத்தடுப்பூசியைப் போடலாகாது.

அடுத்தது டெங்கு. தமிழகத்தில் 2012-ஆம் ஆண்டும் 2017-ஆம் ஆண்டும் இக்காய்ச்சல் பரவிய வேகத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்நோயில் காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிடக் காய்ச்சல் விட்ட நாட்களே ஆபத்தானவை. நோய் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், காய்ச்சல் தணியும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியத் தொடங்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வெகுவாகக் குறையும். இந்நெருக்கடி நிலை 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

இந்த நேரத்தில் வலியைத் தூண்டினால் என்னவாகும்? நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். சிசேரியன் செய்தாலோ ஆபத்து இன்னும் மிகுதி. எனவே, முன்பே குறித்து வைத்த பிரசவத் தேதியாக இருந்தாலும், டெங்குவின் நெருக்கடி நாட்களைக் கடந்து தட்டணுக்கள் மீண்டும் ஏறும்வரை அதனைத் தள்ளிவைப்பர். வலி தானாகத் தொடங்கிவிட்டால் இரத்தமும் தட்டணுக்களும் ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் சுகப்பிரசவத்திற்கே முயல்வர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் கூடா. அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

மஞ்சள் காமாலை: ஒரே நிறம், பல நோய்கள்

கருவுற்ற பெண்ணின் கண்கள் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். இது குறித்து அன்போடும் உறுதியோடும் சொல்கிறேன்: கடைசி மூன்று மாதங்களில் மஞ்சள் காமாலை கண்டால் அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் நிறம் ஒன்றாக இருப்பினும் அதன் பின்னணியிலுள்ள நோய்கள் வேறு வேறு. பிரசவத்தைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவுகளும் நேர் எதிரானவை.

அசுத்த நீரினால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஈ வைரஸ் ஒரு காரணம். 1955-ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து 1956 ஜனவரி வரை டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேர் காமாலைக்கு ஆளாயினர். அது ஈ வகைக் காமாலை என்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும் இந்நோய், கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 100 பெண்களில் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. குழந்தையை வெளியே எடுத்துவிட்டால் தாய் பிழைத்துவிடுவாள் என்று கருதத் தோன்றும். ஆனால் அவ்வாறு நிறுவப்படவில்லை. கல்லீரல் பழுதுற்று இரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கும் நிலையில், காமாலையை மட்டும் காரணமாகக் கொண்டு வலியைத் தூண்டினால் இரத்தப்போக்கே மிஞ்சும். எனவே உறைவுக் குறையைச் சரிசெய்து, தாயைத் தேற்றி, மகப்பேற்றுக் காரணம் இருந்தால் மட்டுமே வலியைத் தூண்டுவர்.

கர்ப்பத்தினாலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்தும், இரத்தக் கொதிப்பு முற்றியும் காமாலை வருவதுண்டு. இவை வைரஸ் நோய்கள் அல்ல. இவற்றிற்கோ, தாயின் நிலையைச் சீராக்கிக் குழந்தையை விரைந்து வெளியே எடுப்பதுதான் சிகிச்சை. கண் மஞ்சளை மட்டும் பார்த்து இவற்றை வேறுபடுத்த இயலாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். கீழாநெல்லிச் சாற்றோடு கழியும் மூன்று நாட்கள், அப்பரிசோதனைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்று நாட்கள். மஞ்சளோடு தூக்கக் கலக்கமும் பிதற்றலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

மூன்றாவது வகை ஹெப்படைட்டிஸ் பி. இது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் பலர் முதன்முதலாக அறிகின்றனர். இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவுவது. உணவாலோ, ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலோ பரவாது. தடுப்பு எதுவும் செய்யாவிடில், கிருமி வீரியமாகப் பெருகும் தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 70 முதல் 90 பேருக்குத் தொற்றக் கூடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினரிடம் அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகின்றது. பெரியவர்களுக்குத் தொற்றும்போது அவ்வாறு நிலைப்பது 5 விழுக்காட்டிற்கும் குறைவே.

இந்தத் தாய்க்கு வலியைத் தூண்டலாமா? தாராளமாகத் தூண்டலாம். பி வகைக் கிருமிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. மற்றப் பெண்களுக்குரிய காரணங்களும் முறைகளுமே இவருக்கும் பொருந்தும். குழந்தையின் தலைத் தோலில் ஊசி முனை படும்படியான கருவிகளை மட்டும் தவிர்ப்பர். இன்னும் சொல்வதானால், நாள் குறித்து வலியைத் தூண்டுவதில் இவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு முதல் தவணைத் தடுப்பூசி போட வேண்டும். 12 மணி நேரத்திற்குள் மற்றொரு தொடையில் இம்யுனோகுளோபுலின் ஊசியும் போடுவது நல்லது. இந்த இரண்டாவது ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் எந்நேரமும் கிடைப்பதில்லை. பிரசவ நாள் முன்பே தெரிந்தால் அதனை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு மிகுதியாக இருந்தால், கருவுற்ற 28-ஆவது வாரத்திலிருந்தே டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து அதனைக் குறைக்கும் முறையும் இன்று உள்ளது. மத்திய அரசின் தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் கீழ்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டபின் அத்தாய் அச்சமின்றிப் பாலூட்டலாம்.

எச்.ஐ.வி.: மறைப்பதனால் வரும் கேடு

இப்பெயரைச் சொன்னவுடன் அரங்கில் அமைதி நிலவுவதைக் காண்கிறேன். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான். அன்று மருந்தில்லை, இன்று மருந்துண்டு. கணவனிடமிருந்து ஏதுமறியாமல் இத்தொற்றைப் பெற்ற பெண்கள் பலர். அவர்களைக் குற்றவாளிகளைப் போல் நோக்குவது நீதியன்று.

எவ்விதச் சிகிச்சையும் இல்லாவிடில் இத்தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். தாய் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 1-க்கும் கீழ் இறங்கிவிடுகின்றது. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வது, நாள்தோறும் தவறாமல் விழுங்கும் மாத்திரை.

பிரசவ முறையும் கிருமியின் அளவைப் பொறுத்தே அமைகின்றது. அளவு நன்கு குறைந்துள்ள தாய்க்குச் சுகப்பிரசவமே போதும்; தேவைப்பட்டால் மற்றவர்களைப் போலவே வலியையும் தூண்டலாம். பிரசவம் நெருங்கும் வேளையிலும் கிருமி மிகுதியாக இருந்தால், வலி தொடங்குவதற்கு முன்பே 38-ஆவது வாரத்தில் சிசேரியன் செய்வது பற்றி மருத்துவர்கள் ஆலோசிப்பர். 1999-ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், இவ்வாறு முன்கூட்டிச் சிசேரியன் செய்த பிரிவில் 1.8 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும், சுகப்பிரசவத்திற்கு ஒதுக்கப்பட்ட பிரிவில் 10.5 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும் தொற்று காணப்பட்டது. அது கூட்டு மருந்து பரவலாவதற்கு முந்தைய காலம். கிருமியை அடக்கிவிட்ட தாய்க்கு அக்கணக்கு பொருந்தாது.

வலியைத் தூண்டும்போது இங்கே மூன்று கவனங்கள் தேவை. முதலாவது, பனிக்குடத்தைத் தக்க காரணமின்றி உடைக்கலாகாது. குழந்தைக்கும் தாயின் இரத்தத்திற்கும் இடையே அது ஒரு திரை. இரண்டாவது, பனிக்குடம் தானாக உடைந்துவிட்டால் 'வலி வரட்டும்' என்று வீட்டில் காத்திருக்கலாகாது. கிருமியின் அளவு குறைந்துள்ள தாய்க்கு உடனே வலியைத் தூண்டிப் பிரசவத்தை விரைவுபடுத்துவர். குறையாத தாய்க்கு எது தக்கது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மூன்றாவது, பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தர்ஜின் ஊசி, ரிடோனாவிர் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தக் குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருங்கச் செய்யும். தாய் என்ன மருந்து உட்கொள்கிறார் என்பதை மருத்துவர் அறிந்திருந்தால் வேறு மருந்தைக் கையாள்வார். அறியாவிட்டால்? உறவினர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி மருந்துச் சீட்டை மறைத்து, பழக்கமில்லாத வேறு மருத்துவமனைக்குப் பிரசவத்திற்குச் செல்லும் பெண்ணுக்கு நேரக்கூடிய கேடு இதுவே.

குழந்தை பிறந்தவுடன் கொடுக்க வேண்டிய நெவிரபின் போன்ற சொட்டு மருந்தும் இவ்வாறே தாயின் நிலை தெரிந்தால்தான் கிடைக்கும். அரசு மருத்துவமனைகளிலுள்ள 'நம்பிக்கை மையங்களில்' பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாக, இரகசியமாக அளிக்கப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரது தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதையும், அதன் காரணமாகச் சிகிச்சை மறுப்பதையும் தடைசெய்கின்றது.

மேலும் இரு நோய்கள்

கொரோனாத் தொற்று மட்டுமே வலியைத் தூண்டுவதற்கோ சிசேரியனுக்கோ காரணமாகாது. தாய்க்கு மூச்சுத்திணறல் கடுமையாகும்போது பிரசவம் அவருக்கு உதவுமா என்பதை மருத்துவர் குழு முடிவு செய்யும். பிறப்புறுப்பில் ஹெர்ப்பிஸ் கொப்புளங்கள் உள்ள நேரத்தில் மட்டும் வலியைத் தூண்டாமல் சிசேரியன் செய்வர். முன்பு அந்நோய் வந்தவருக்கு 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்தால் அந்நிலையை நேராமல் தடுக்க முயலலாம். வெட்கத்தால் இதனைச் சொல்லாமல் விடும் பெண்கள் உண்டு. பெண் மருத்துவரிடமாவது தனியே சொல்லிவிட வேண்டும்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

இவ்வளவும் கேட்டபின் நாம் செய்ய வேண்டியது என்ன? முதல் மூன்று மாதங்களுக்குள் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனைகளை முடித்து, அறிக்கைகளை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பிரசவத்திற்காக உம்மா வீட்டிற்கு வரும் பெண், கணவன் ஊரில் செய்த பரிசோதனைச் சீட்டுகளையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுவர வேண்டும். ஊர் மாறும்போது தொலைந்துபோகும் தாள்களில்தான் இன்று நான் சொன்ன செய்திகள் பெரும்பாலும் இருக்கின்றன.

ஒப்புதல் பற்றியும் ஒரு சொல். வலியைத் தூண்ட வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, "மாமா வரட்டும், துபாய்க்குப் பேசிக் கேட்டுச் சொல்கிறோம்" என்று மணிக்கணக்கில் காக்க வைப்பதைக் காண்கிறோம். வயது வந்த பெண்ணின் உடலுக்குச் சிகிச்சை அளிக்க அப்பெண்ணின் ஒப்புதலே அடிப்படை என்பதை 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியுள்ளது. ஒன்பதாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் மருத்துவரோடு அமர்ந்து பேசிவிட்டால் இத்தாமதம் நேராது. "ஏன் தூண்டுகிறீர்கள்? எந்த முறையில்? பலன் இல்லாவிட்டால் அடுத்தது என்ன? குழந்தைக்கு எந்த ஊசி வேண்டும், அது இங்கே இருக்கிறதா?" இந்நான்கையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நெருக்கடி வேளையில் பெண் மருத்துவர் இல்லையென்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உயிர் காக்கும் தேவையில் அதற்கு அனுமதி உண்டென்பதை நம் உலமாக்களே விளக்கியுள்ளனர்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் மஹல்லாவிலுள்ள இளைஞர்களின் இரத்த வகைப் பட்டியல் ஒன்று பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கட்டும். டெங்குக் காலத்தில் நள்ளிரவில் அதன் அருமை தெரியும். இரண்டாவது, ஒரு பெண்ணின் நோய் பற்றிய செய்தி எவர் செவிக்கேனும் எட்டினால் அது அங்கேயே நின்றுவிட வேண்டும். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஊர் வாய்க்கு அஞ்சாமல் ஒரு பெண் தன் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லக் கூடிய சூழலை நாம் உண்டாக்கினால், அதனால் காப்பாற்றப்படுவது ஓர் உயிரன்று, ஈருயிர்.

நம் இல்லங்களில் பிறக்கவிருக்கும் ஒவ்வொரு மழலையும் நலமுடன் பிறக்கவும், பெற்ற தாய் நலமுடன் அதனை ஏந்தவும் வல்ல இறைவன் அருள் புரிவானாக!